ஈரச் சுவருக்குள் ஒரு குரல்

நாங்கள் போய் இறங்கியபோது வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குவாரி அது. வெள்ளைப் பள்ளத்தின் ஓரத்தில் பழைய அலுவலகக் கட்டடம் ஒன்று மட்டும் மிச்சம். கதவைத் திறந்ததும் எலிப்புழுக்கையும் பழைய சிமெண்டும் கலந்த வாடை முகத்தில் அறைந்தது. அக்கா முகம் சுளிக்கக்கூட இல்லை. வேனிலிருந்து கயிறு, ஹெல்மெட், கண்ணாடிக் குடுவைகள் என்று ஒவ்வொன்றாக இறக்கி, சொந்த வீட்டுக்கு வந்தவள்போல அலமாரியில் அடுக்கினாள்.

அக்கா குகைகளில் வாழும் உயிர்களை ஆராய்கிறவள். கூட வேலை பார்ப்பவர்கள் அவளைப் பூச்சி டாக்டர் என்பார்கள். நான் ஒலிப்பதிவுக்காரி. ஆவணப் படங்களுக்கு மழை, ரயில், சந்தை இரைச்சல் என்று எதையாவது பிடித்துக் கொடுத்துப் பிழைப்பவள். அக்காவின் ஆராய்ச்சிக்குக் குகையின் சத்தங்கள் வேண்டும் என்றுதான் என்னைக் கூப்பிட்டாள். நான் வந்ததற்கு வேறு காரணம் இருந்தது.

"அவளைத் தனியா விடாதடி. அந்தக் குகை வாசல்லயே அவ உசுரு தொங்கிக்கிட்டு இருக்கு" என்று அம்மா போனில் அழுதிருந்தாள்.

அக்காவின் கணவர், என் அத்தான், காணாமல் போனது குவாரியை ஒட்டிய அந்தக் குகையில்தான். குகைகளை அளந்து வரைபடம் போடுவது அவர் வேலை. ஆறு வருடங்களுக்கு முன்பு ஒரு நண்பரோடு உள்ளே போனார். திடீர் மழையில் தண்ணீர் ஏற, நண்பர் மட்டும் வெளியே வந்தார். தேடியவர்கள் ஒரு தாழ்வான பாதைவரைக்கும் போனார்கள். அதற்கு மேல் கூரையைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் நின்றது. கொஞ்ச நாளில் கைவிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அக்கா ஒவ்வொரு கோடையிலும் இங்கே வந்து பூச்சி எண்ணுகிறாள். பூச்சிக்காகத்தான் போகிறாள் என்று வீட்டில் எல்லோரும் நம்புகிற மாதிரி நடித்தோம்.

குவாரிக்கு ஒரு காவல்காரர் இருந்தார். மனிதர் எந்நேரமும் ரேடியோவை அலறவிட்டிருந்தார். மைக்கைச் சோதிக்க வேண்டியிருந்ததால் போய்க் கேட்டேன்.

"அண்ணே, கொஞ்சம் சத்தத்தைக் குறைக்கிறீங்களா?"

"குறைச்சா மத்தது கேக்குமேம்மா" என்றார் சிரித்துக்கொண்டே. ஏதோ ஜோக் என்று நானும் சிரித்துவைத்தேன்.

மறுநாள் மதியத்துக்குப் பிறகு உள்ளே இறங்கினோம். வாசல் குறுகல். முதல் வளைவு வரை பகல் கூடவே வந்தது. அதற்குப் பிறகு நின்றுவிட்டது. இருட்டு என்று நாம் வீட்டில் சொல்வதெல்லாம் இருட்டே அல்ல என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். விளக்கை அணைத்துவிட்டுக் கையைக் கண்ணுக்கு நேரே ஆட்டிப் பார்த்தேன். கை இருந்தது என்பதற்கு என் தோள்பட்டைதான் சாட்சி.

"இந்தக் குகையை யாரும் தோண்டலடி" என்றாள் அக்கா, முன்னே நடந்தபடி. மலைக்கு உள்ளே போனால் அவளுக்குக் குரலே மாறிவிடும், ஒரு துள்ளல் வரும். "மழைத்தண்ணி மண்ணுக்குள்ள இறங்கும்போது லேசாப் புளிச்சிடும். சோடா மாதிரின்னு வச்சிக்கயேன். அந்தப் புளிப்பு சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும். முதல்ல ஒரு முடி கனத்துக்கு விரிசல். அப்புறம் விரல் போற ஓட்டை. அப்புறம் நாம போற வழி. லட்சக்கணக்கான வருஷம் தண்ணி பொறுமையாச் சாப்பிட்ட இடத்துலதான் நடக்கிறோம்."

"சாப்பிட்டதை எல்லாம் என்ன பண்ணும்?"

"கொஞ்சத்தைத் திருப்பிக் குடுக்கும். மேல பாரு."

கூரையெங்கும் கல்விழுதுகள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சொட்டு தொங்கியது. அது விழும் முன் தன்னிடமிருந்த சுண்ணாம்பை ஒரு துளி விட்டுவிட்டு விழும், விழுந்த இடத்தில் இன்னொரு துளியை விடும் என்றாள். இந்தக் குகையில் அது கொஞ்சம் வேகமாகவே படியுமாம். அவள் எப்போதோ வைத்து மறந்த ஒரு குடுவைமேல் வெள்ளை ஏடு படர்ந்திருந்தது.

சுவர்களில் சுவர்க்கோழிப் பூச்சிகள். வெளுத்த உடம்பு, உடம்பைவிட நீண்ட மீசை. நூற்றுக்கணக்கில் இருந்தும் ஒன்றுகூடக் கத்தவில்லை. இந்த வகைக்குச் சிறகே கிடையாது, அதனால் சத்தமும் கிடையாது என்றாள் அக்கா. ஒரு சிறு குட்டையில் வெள்ளை மீன்கள் நின்றன. கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல்.

"தேவைப்படாததை உடம்பு விட்டுடும். இங்க கண்ணு எதுக்கு?"

"அப்ப இரையை எப்படிக் கண்டுபிடிக்கும்?"

"மத்ததெல்லாம் கூர்மையாயிடும்ல. ஒரு சின்ன அசைவு, ஒரு சின்ன சத்தம், போதும். ஆனா சாப்பாடு இங்க தானா விளையாது. வெளியிலேருந்துதான் வரணும். வௌவால் எச்சம், வெள்ளம் அடிச்சிட்டு வர்ற சருகு, வழி தவறி வந்த ஜீவன். அது வர்ற வரைக்கும் காத்திருக்கும். இந்த மீனெல்லாம் மாசக்கணக்காப் பட்டினி கிடக்கும். இங்க இருக்கிற எதுவா இருந்தாலும் ரெண்டு விஷயம் நல்லாத் தெரியும்டி. காத்திருக்கவும் தெரியும், கேக்கவும் தெரியும்."

குட்டைக்குப் பக்கத்தில் மைக்கை நிறுத்தி ஹெட்போனை மாட்டினேன். சொட்டு. நீண்ட மௌனம். சொட்டு. எங்கோ வௌவால்கள் தோலை உரசிக்கொள்ளும் சரசரப்பு. நல்ல சுத்தமான ஒலி. கண்ணை மூடிக்கொண்டேன்.

சொட்டு.

"வாயாடி."

கண்ணைத் திறந்தேன். அக்கா எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொட்டு.

"ஏ வாயாடி."

என்னை அப்படிக் கூப்பிட்டவர் உலகத்திலேயே ஒருவர்தான். கல்யாண வீட்டில் நான் பேசிய பேச்சைக் கேட்டு அத்தான் வைத்த பெயர் அது. கொஞ்சம் இழுத்து, கடைசியில் சிரிப்பை அடக்குகிற அதே குரல்.

ஹெட்போனைக் கழற்றினேன். அவசரத்தில் அது கல்லில் இடித்தது. அக்கா திரும்பினாள். என் முகத்தைப் பார்த்ததும் அவள் கண்ணில் பயம் வரவில்லை. வந்தது வேறு ஒன்று.

"உனக்கும் கேக்குதா?"

நான் மைக்கைத் திரும்பிப் பார்த்தேன்.

"சொல்லுடி. கேட்டுச்சா இல்லையா?"

"கேட்டுச்சு."

அவள் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "அப்ப நான் பைத்தியம் இல்ல" என்றாள் விரல்களுக்குள்ளிருந்து. "வருஷா வருஷம் கேக்குது. யார்கிட்ட சொல்றது? சொன்னா மாத்திரை எழுதிக் குடுப்பாங்க. உன் காதை நான் நம்புவேன். அதுக்குத்தான் உன்னை வரச்சொன்னேன்."

அணைத்துக்கொள்ளப் போனேன். அதற்குள் எழுந்துவிட்டாள்.

"இந்த வருஷம் மழையே இல்ல. அந்தப் பாதையில தண்ணி வத்திடுச்சு. நேத்து நீ தூங்கும்போது வந்து பாத்தேன். தவழ்ந்து போகலாம்."

போகாதே என்று கெஞ்சினேன், திட்டினேன், அம்மா பேரையும் இழுத்தேன். எதுவும் அவள் காதில் ஏறவில்லை. தனியாக விடாதே என்று அம்மா சொன்னது இதற்குத்தானோ என்னவோ. பின்னால் போனேன்.

பாதை அவ்வளவு தாழ்வு. வயிறு தரையில், முதுகு கூரையில். தோள்பையோடு நுழைய முடியாது என்று மாற்று விளக்குகள் இருந்த பையைப் பாதையின் தொடக்கத்திலேயே வைத்துவிட்டோம். கொழகொழவென்ற சேறு, அழுகிய இலை நாற்றம். மூச்சை முழுதாக இழுத்தால் மார்பு கல்லில் முட்டியது. முன்னே அக்காவின் ஷூக்களும் சுருட்டிவிட்ட பேன்ட்டுக்குக் கீழே கால்களும் மட்டும் தெரிந்தன. நடுவழியில் மறுபடியும் கேட்டது. இந்தத் தடவை ஹெட்போன் தேவைப்படவில்லை.

"வந்துட்டீங்களா? இன்னும் கொஞ்சம்தான்."

அக்கா தேம்பியபடி வேகமாக ஊர்ந்தாள்.

பாதை ஒரு பெரிய அறையில் போய்த் திறந்தது. எழுந்து நின்று விளக்கைச் சுற்றினேன். சுவரெங்கும் பொந்துகள், எதிலிருந்து வந்தோம் என்றே ஒரு கணம் குழம்பியது. அறையின் நடுவே, ஒரு கல்மேட்டில் சாய்ந்து யாரோ உட்கார்ந்திருந்தார்.

அத்தான்.

எலும்பும் கிழிந்த உடுப்பும்தான். ஆனால் கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் அவர்மேல் மெல்லிய வெள்ளைத் தோல் ஒன்றைப் போர்த்தியிருந்தது. மடியில் சுவர்க்கோழிகள் அசையாமல் மீசையை மட்டும் ஆட்டின. அக்கா அவர் முன்னால் மண்டியிட்டாள். அழவில்லை. கையை நீட்டி, கல்லாகத் தொடங்கியிருந்த அந்தக் கல்யாண மோதிரத்தைத் தொட்டாள்.

"இங்கயா இருந்தீங்க?" என்றாள், வெளியூர் போனவரைக் கேட்பதுபோல.

அப்போதுதான் அவர் தலையைப் பார்த்தேன். சட்டையைக் கிழித்துத் தலையைச் சுற்றிக் கட்டியிருந்தார். நெற்றிக் காயத்துக்கான கட்டு அல்ல அது. இரண்டு காதையும் மூடி, தாடைக்குக் கீழே இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார். ஒரு முடிச்சுமேல் இன்னொரு முடிச்சு.

அறையின் அந்தக் கோடியிலிருந்து குரல் வந்தது.

"இங்க வா. நான் இங்கதான் இருக்கேன்."

அக்கா தலையைத் தூக்கினாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எழுந்து குரல் வந்த பக்கம் நடந்தாள்.

"அக்கா!"

"கேக்குதுல்ல? கூப்பிடுறார்."

"அத்தான் இதோ இருக்கார்க்கா. உன் பின்னாடி."

அவள் நிற்கவில்லை.

"அப்ப அங்க பேசுறது யாருக்கா?"

நான் பாய்ந்து அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். இருவரும் சரிந்து விழுந்தோம். என் ஹெல்மெட் கல்லில் மோதி விளக்கு செத்தது. அவளுடையது கழன்று உருண்டது. கொஞ்சம்தான் உருண்டது, உடனே காணாமல் போனது.

விழுந்த சத்தம் வரவில்லை.

ஒரு எட்டு தள்ளித் தரையே இல்லை. பெரும் பள்ளம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. விளக்கு சுழன்றபடி இறங்கிக்கொண்டே போனது. அது போன வழியில், பள்ளத்தின் சுவரில் ஏதோ வெளுப்பாக, நீளமாக, வெளிச்சத்துக்கு ஒதுங்கி வழிவிட்டது. சுவர்க்கோழிகள் என்றுதான் இன்றுவரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

பிறகு ஒளி இல்லை.

இருட்டில் அக்கா என் பக்கம் புரண்டாள். என் காதோடு வாயை வைத்து முணுமுணுத்தாள்.

"கூடப் போன நண்பர் ஒண்ணு சொன்னார். நான் யார்கிட்டயும் சொல்லல. தண்ணி ஏறுறதுக்கு முன்னாடி உங்க அத்தான், 'அம்மா கூப்பிடுற மாதிரி இருக்கு, பாத்துட்டு வரேன்'னாராம்."

அத்தானின் அம்மா அவர் சிறுவயதிலேயே இறந்துபோனவள்.

"பாதி வழியில அவருக்குப் புரிஞ்சிருக்கு. திரும்ப முடியாம தண்ணி வந்திடுச்சு. போகக்கூடாதுன்னு காதைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டார்டி. கடைசி வரைக்கும் போகல."

பள்ளத்திலிருந்து நைந்த துணியை இழுப்பதுபோல ஒரு மூச்சு மேலேறி வந்தது.

அக்கா என் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தாள். விரல்களின்மேல் மெல்லிய கால்கள் ஏறி நடந்தன. கத்த வந்த வாயை அவளே பொத்தினாள்.

"பயப்படாத. சுவர்க்கோழி. எந்தப் பக்கம் போகுதுன்னு பாரு. வெளிய இருட்டப்போகுது, இரை தேட வாசலுக்குக் கிளம்பிடுச்சு. அதுங்க போற பொந்துதான் நம்ம வழி." என் வாயிலிருந்து கையை எடுத்தாள். "இனிமே ஒரு வார்த்தை பேசாத. நானும் பேச மாட்டேன். என் கணுக்காலைப் பிடிச்சுக்க. பேசுறது எதுவா இருந்தாலும் அது நாம ரெண்டு பேரும் இல்ல."

அவள் முன்னே, நான் பின்னே. சுவரில் பூச்சிகளின் ஓட்டத்தைத் தடவித் தடவிப் பொந்தைக் கண்டுபிடித்துத் தலையை நுழைத்தாள். கைகளின்மேல், கழுத்தின்மேல், முடிக்குள் அவை ஊர்ந்து போயின. எங்களைப் போலவே அவையும் வெளியே போய்க்கொண்டிருந்தன. அவ்வளவு அருவருப்பான ஒன்று அவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இடது பக்கம், ஒரு கிளைப் பாதையிலிருந்து அக்கா பேசினாள்.

"இங்க வாடி. இந்தப் பக்கம் வெளிச்சம் தெரியுது."

என் கைக்குள் அக்காவின் கணுக்கால் இருந்தது. சூடாக, நரம்பு துடிக்க.

"அங்க ஏன் போற? நான் இங்க இருக்கேன்டி."

கணுக்காலை இறுக்கினேன். அது முன்னே நகர்ந்தது. நானும் நகர்ந்தேன்.

கொஞ்ச தூரம் அமைதி. பிறகு என் பாதத்துக்கு மிக அருகில், பின்னால், நான் அழ ஆரம்பித்தேன். என் குரல். மூக்கை உறிஞ்சுவது உட்பட என் அழுகை.

"அக்கா, கால் மாட்டிக்கிச்சுக்கா. என்னை விட்டுட்டுப் போகாத. அக்கா, வலிக்குதுக்கா."

முன்னே இருந்த கால் நின்றுவிட்டது.

அவளுக்குத் திரும்ப இடமில்லை. ஆனால் பின்னோக்கி ஊர முடியும். அந்தக் கால் மெல்ல என்னை நோக்கி வரத் தொடங்கியது. பேசக்கூடாது. பேசினால் இரண்டு நான். எந்த நான் உண்மை என்று அவள் எப்படி அறிவாள்? ஒன்றும் தோன்றாமல் அவள் கெண்டைக்காலில் முகத்தைப் புதைத்தேன். என் கண்ணீர் அவள் தோலில் பட்டிருக்க வேண்டும்.

கால் நின்றது. மறுபடி முன்னே நகர்ந்தது.

பின்னால் இருந்தது கொஞ்ச நேரம் எங்கள் எல்லோருடைய குரலிலும் மாறி மாறிக் கூப்பிட்டது. கடைசியில் வெறுமனே அழுதது.

அது யார் குரலிலும் இல்லை.

பை கையில் தட்டுப்பட்டதும் அக்கா விளக்கைப் போட்டாள். ஒருவர் முகத்தை ஒருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டோம். வாசலுக்கு வந்தபோது வானத்தில் இன்னும் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருந்தது. தலைக்குமேல் வௌவால்கள் புகைபோலக் கிளம்பிப் போயின. காவல்காரரின் ரேடியோ தூரத்தில் அலறியது. அக்கா அங்கேயே புல்லில் விழுந்து, ஆறு வருட அழுகையையும் ஒரேயடியாக அழுதாள்.

மீட்புக் குழு வந்து அத்தானை வெளியே கொண்டுவந்தது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போங்கள் என்று அக்கா பிடிவாதமாகச் சொன்னாள். குழுத் தலைவர், தாடி வைத்த பொறுமையான மனிதர், பைத்தியம் என்று நினைத்திருந்தாலும் வெளியே காட்டாமல் அப்படியே செய்தார். அடக்கம் முடிந்தது. குகையை மூடிவிடுவது என்று முடிவானது. வௌவாலும் பூச்சியும் போய்வர இடைவெளி விட்டு, மனிதன் நுழைய முடியாதபடி கம்பிக் கதவு. அளவெல்லாம் அக்காதான் சொன்னாள்.

அக்கா என்னோடு வந்து தங்கினாள். வயிறாரச் சாப்பிட்டாள், பகலில்கூடத் தூங்கினாள். ஒருநாள் தொலைக்காட்சியைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். "என் பொண்ணு திரும்பி வந்துட்டா" என்றாள் அம்மா.

கதவு பொருத்துகிற நாள் காலையில் அக்கா உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறையில். போன் அடித்தது. தாடிக்காரர்.

"மேடம், நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"வீட்டுலதான். ஏன் சார்?"

போனில் வெல்டிங் இயந்திரத்தின் உறுமல் கேட்டது, பிறகு யாரோ அதை நிறுத்தினார்கள்.

"கதவைப் பொருத்திட்டு இருக்கோம். உள்ளேயிருந்து உங்க குரல் கேக்குது மேடம். மூடாதீங்க, நான் உள்ள இருக்கேன்னு." அவர் நடக்கும் சத்தம் கேட்டது. "இருங்க, போனை உள்ள நீட்டுறேன். நீங்களே கேளுங்க."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். சொட்டு. நீண்ட மௌனம். சொட்டு.

பிறகு என் குரல், மிக மெல்ல, மிகப் பிரியமாக.

"அக்கா, கிளம்பலாமா?"

எனக்கே சரியாகக் கேட்காத அளவுக்கு மெல்லிய குரல் அது. இரண்டு சுவர் தள்ளி, உள்ளறையில், துணியை உதறி மடிக்கும் சத்தம் நின்றது.

"இதோ வந்துட்டேன்டி" என்றாள் அக்கா.